பின்விறாந்தைக்கு ஒரு கதவு

1

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் பிழையாகிப்போகத் தொடங்கியது. அதுவரை வேலை எப்படியோ நடந்துகொண்டிருந்தது. நகரசபையிலிருந்து வந்த பெண் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, "உங்கள் வீடு நல்ல வாசமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். சம்பலுக்குத் தேங்காய் துருவிய கையோடு நான் நின்றேன். என் மகள் சங்கவிக்கும் கிட்டத்தட்ட அவளுடைய வயதுதான். அதனாலோ என்னவோ அவளிடம் தேவைக்கு மேல் கதைத்துவிட்டேன்.

மெல்பேர்னில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில், சீமெந்துத் தளமும் மேலே தகரக் கூரையும் மட்டும் உள்ள ஒரு இடம் இருக்கிறது. சுவர் கிடையாது. இங்கே அதைப் பட்டியோ என்கிறார்கள். கோடையில் இறைச்சி சுட்டுச் சாப்பிடவும் கதிரை போட்டு இருக்கவும் பாவிக்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த எங்கள் கண்ணுக்கு அது பின்விறாந்தை. அதைச் சுற்றி அடைத்து ஒரு அறையாக்கும் வேலையை ரிஸ்வியிடம் கொடுத்திருந்தோம். மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடிக்காரர். இங்கே கட்டட வேலைகள் எடுத்துச் செய்கிறார். ஊரில் அவருடைய தங்கை என்னிடம் படித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நகரசபைக்கான விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். நானும் என் கணவரும் கையெழுத்து வைத்ததோடு சரி.

அந்தப் பெண் நட்டிருந்த மரச்சட்டங்களை அளந்தாள், படம் எடுத்தாள். போகிற போக்கில், "இதை அடைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

கேள்வி கேட்டால் முழு வசனத்தில் பதில் சொல்லப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். "நானும் கணவரும் இதற்குள் படுப்போம். மகள் கல்யாணம் முடித்ததும் வீடு அவளுக்கு. நாங்கள் இங்கே வந்துவிடுவோம். ஒரு சின்ன அடுப்பும் வைப்போம்" என்றேன்.

ரிஸ்வி ஆணிப் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இருந்து கதைக்கிற இடத்தை அடைப்பதற்கு ஒரு அனுமதி. படுக்கிற அறைக்கு வேறு அனுமதி. பின்னால் அடுப்போடு தனிக்குடும்பம் இருக்கப் போகிறதென்றால் அது இரண்டாவது வீடு, அதற்கு இன்னொன்று. "மகள் இப்போது இங்கேயா இருக்கிறாள்?"

"இல்லை. வேறு நகரத்தில். ரயிலில் இரண்டு மணி நேரம்."

"திரும்பி வந்து உங்களோடு இருப்பாளா?"

சங்கவியிடம் இரண்டு வருடமாக நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை திரும்பி வருவதாகச் சொன்னாள். அதுவரை வேலையை நிறுத்த வேண்டும். மகள் இந்த வீட்டுக்கு வருகிறாளா இல்லையா, இந்த அறையில் யார் படுப்பது என்பதை அன்றைக்குத் தன்னிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றாள். யார் படுத்தாலும், படுக்கிற அறையென்றால் அதிலிருந்து நேரே வெளியே போக ஒரு கதவு இருக்க வேண்டும்.

அவள் போனதும் ரிஸ்வி நிமிர்ந்தார்.

"டீச்சர், ஆர் உங்கள உண்மையச் சொல்லச் சொன்ன? தேத்தண்ணி குடிக்கிற இடமெண்டுதானே நான் எழுதிக் குடுத்த."

"தேத்தண்ணியும் குடிப்பம்தானே."

"இனி மழையில நனைஞ்சிக்கிட்டுத்தான் குடிக்கணும்."

2

ஊரில் இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் பகுதியில் வீடு மகளுக்கு. தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். பெண் பிள்ளை பெரியவளாகிற காலத்திலேயே வளவின் மூலையில் கல்லும் மணலும் வந்து குவியத் தொடங்கும். இன்னொரு வீடு கட்ட வசதி இல்லாதவர்கள் இருக்கிற வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னுக்குப் போய்விடுவார்கள். மருமகன் வந்து வீட்டுக்குள் இருப்பார். தாயும் தகப்பனும் சமைக்கிற குசினிப் பக்கமோ விறாந்தையிலோ ஒதுங்குவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. கொடுத்து முடித்த ஆறுதல்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் சொல்லப்போனால் அது பிள்ளை பெற்றோரைத் துரத்திவிட்டதுபோல ஆகிவிடுகிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருமுறை தேநீர் இடைவேளையில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்து, "இப்படியான பிரச்சினைகளுக்கு உதவி கேட்க இடங்கள் இருக்கின்றன" என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் என்னைக் காணும்போதெல்லாம் வீட்டில் சுகமா என்று ஒரு மாதிரிக் கேட்பாள்.

ஊரில் எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் திடல். அப்பா தபால்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் கல்யாணம் முடித்த அன்றைக்கே அவரும் அம்மாவும் தங்கள் கட்டிலைப் பின்விறாந்தைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். முதலில் தென்னோலைக் கிடுகால்தான் அடைத்திருந்தது. பிறகு அப்பா கல் வாங்கிச் சுவர் எழுப்பினார். வாவிப் பக்கம் ஒரு கதவும் வைத்தார். விடிய எழும்பித் தூண்டிலோடு அதால் இறங்கிப் போவார்.

யுத்த காலத்தில் ஒருநாள் ஊரில் சுற்றிவளைப்பு. கருக்கலில் அந்தக் கதவால்தான் ஆமிக்காரர் வந்தார்கள். என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் விட்டார்கள். நடந்து வந்தார், ஆனால் உட்கார முடியவில்லை. மறுநாள் அப்பா கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் கல் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

"வாறவன் முன்னால வரட்டும். பின்னால வந்தா எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றார்.

அம்மா சாந்துச் சட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றா. "மறுகா நாங்க போறதெண்டாலும் மகள்ட வீட்டுக்குள்ளாலதான் போகணும்."

"போறதுக்கு உனக்கென்ன அவசரம்?"

"தூண்டில் போடப் போறதச் சொன்னன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சீமெந்து வாங்குவதற்கு அனுமதிக் கடிதம் காட்ட வேண்டிய காலம் அது. அப்பாவின் சாந்தில் மணல்தான் கூட. அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு கதவுதான். அது எங்கள் வீட்டு மண்டபத்துக்குள் திறக்கும்.

3

சுனாமி வந்த அன்றைக்கு நானும் கணவரும் மகளும் வாவிக்கு அக்கரையில், வவுணதீவில், என் கணவருடைய அக்கா வீட்டில் நின்றோம். சங்கவிக்கு மூன்று வயது. வயல் வட்டைக்குள் பயிர் பச்சையாக நின்றது. அவளைத் தோளில் வைத்து வரம்பால் நடந்துகொண்டிருந்தார் இவர். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் றோட்டில் நின்றபடியே, "கடல் ஊருக்குள்ள வந்திட்டாம்" என்று கத்தினார்.

"கடல் எப்பிடி வாற?" என்று இவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் டீச்சர்தானே.

ஊருக்குத் திரும்புகிற வழியில் வலையிறவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அன்றைக்கு மட்டும் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டு அந்த ஆமிப் பொடியன்களும் வாவியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாவலடிக்குப் போய்ச் சேர்வதற்கு அடுத்த நாள் ஆகிவிட்டது. வீட்டின் முன்பக்கம் இல்லை. மண்டபம் இருந்த இடத்தில் தளம் மட்டும், கூட்டித் துடைத்ததுபோலக் கிடந்தது. பின்விறாந்தையின் சுவர்கள் நின்றன. அப்பா கல் வைத்து அடைத்த இடத்தில் ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. கற்கள் வாவிப் பக்கமாக வெளியே விழுந்திருந்தன. கற்களுக்குள் அப்பாவின் அலவாங்கு கிடந்தது. கல் பெயர்க்கிற அந்த இரும்புக் கம்பி எப்போதும் அவர்களுடைய கட்டிலுக்குக் கீழேதான் இருக்கும்.

அம்மாவை வாவிக் கரையில், கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள். அப்பாவைக் கண்டெடுக்கவில்லை.

அந்த ஓட்டையை அப்பா உடைத்தாரா, தண்ணீர் தள்ளியதா? தண்ணீரும் அந்தப் பக்கமாகத்தான் போனது. அலவாங்கையும் அதுவே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மீதியாக நின்ற சாந்தை நான் விரலால் சுரண்டிப் பார்த்தேன். மணலாக உதிர்ந்தது. ஒரு வயதான மனிதரால் உடைத்திருக்க முடியும் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். என் கணவரிடம் கேட்டால் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். சில நாட்களில் "அவர்தான் உடைச்சிருப்பார்" என்பார். சில நாட்களில் "தண்ணிதான்" என்பார். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே கேட்டும் சொல்லியும் வருகிறோம்.

அவர் உடைத்திருந்தால் இரண்டு பேரும் வெளியே வந்திருக்கிறார்கள். கடைசியாக வானத்தையாவது பார்த்திருக்கிறார்கள். உடைக்கவில்லையென்றால், தண்ணீர் நிறைந்த மண்டபத்துக்குள் திறக்கிற ஒரு கதவை இந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

4

இனி ரிஸ்வி பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

நகரசபைப் பெண் வருவதற்கு முந்திய கிழமைகளில், முதலில் அறைக்கு வெளிக்கதவு வேண்டாம் என்றேன். வீட்டுக்குள்ளிருந்து வருகிற கதவு மட்டும் போதும். அவர் அப்படியே படம் கீறினார். இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது. இறங்கி நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்து, வெளிக்கதவு வையுங்கள் என்றேன். சட்டம் அறைந்து கதவுக்கு இடம் விட்டார். பின்னேரம் வந்து பார்த்தேன். அந்த இடைவெளிக்கு அப்பால் பக்கத்து வீட்டு வேலி, அதற்கப்பால் ஆட்கள் நடக்கிற ஒழுங்கை. யாரும் வரலாம். அடைத்துவிடுங்கள் என்றேன். அடைத்தார். பிறகு யன்னலுக்கு இரும்புக் கிறில் போடச் சொன்னேன். பிறகு கிறில் உள்ளேயிருந்து கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றேன்.

"உள்ளுக்கிருந்து கழட்டலாமெண்டா வெளியால இருந்தும் கழட்டலாம் டீச்சர்."

"அப்ப வேணாம்."

"கிறில் வேணாமா, கழட்டுறது வேணாமா?"

அவர் அளவு நாடாவைச் சுருட்டித் தளத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்போதும் பகிடியோடு கதைக்கிறவர். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன், "எனக்கு மூணு பட்டியோ வேணும், எந்தக் கவுன்சில் தரும்?" என்று கேட்டுச் சிரிக்கிறவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"டீச்சர், நீங்க வாற ஆளுக்குப் பயமா, கடலுக்குப் பயமா? ஒண்டச் சொல்லுங்க. அதுக்கேத்த மாதிரி அடிச்சித் தாறன்."

"இஞ்ச ரெண்டும் இல்லத்தானே."

"எனக்குத் தெரியும் இல்லயெண்டு. உங்களுக்குத் தெரியுமா?"

அன்றைக்கு அவர் கூலி கேட்காமல் நேரத்தோடு போய்விட்டார். கடல் காத்தான்குடிக்குள்ளும் வந்தது. அவர் வீட்டில் யார் போனார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் நாவலடியைப் பற்றிக் கேட்டதில்லை.

5

சுனாமிக்குப் பிறகு கூடாரம், பாடசாலை மண்டபம் எல்லாம் தாண்டி, கடலிலிருந்து தள்ளி உள்ளுக்குள் ஒரு வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. எல்லாம் ஒரே மாதிரி வீடுகள். முன்னால் அரைச்சுவர் வைத்த சின்ன விறாந்தை. அலுமாரி வாங்குவதற்கு முதல் அந்த விறாந்தைக்குக் கிறில் போட்டோம். அந்த வருடங்களில் ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வேன் எந்த வாசலிலும் வந்து நிற்கலாம். இவர் ஒரு நிவாரண அமைப்பில் சாரதியாக இருந்தார். வேலைக்குப் போய் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் நான் கிறிலுக்குள் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யுத்தம் முடிகிற காலத்தில் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கடத்தினார்கள். அதற்குப் பிறகு சங்கவியை நான் வெளியே விடவில்லை. சில நாட்கள் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. அவள் விறாந்தைக்குள் இருந்துகொண்டு கடை வைத்து விளையாடுவாள். அயல் பிள்ளைகள் வெளியே நின்று வாங்குவார்கள். கம்பிக்குள்ளால் மண்ணும் இலையும் கொடுத்து, கம்பிக்குள்ளால் காசு வாங்குவாள். நல்ல விளையாட்டு என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதானே விளையாடினார்கள்.

யுத்தம் முடிந்ததாக வானொலியில் சொன்ன அன்றைக்குச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஆமிக்காரர் வெற்றிக்கென்று பாற்சோறு வெட்டிக் கொடுத்தார்கள். இவர் கையில் ஒரு பாற்சோற்றுத் துண்டோடு வந்தார். வாங்காமல் வர முடியவில்லை என்றார். அதைக் குசினியில் வைத்துவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, சண்டை முடிஞ்சா இனி இதத் திறக்கலாமா?" என்று சங்கவி கிறிலைக் காட்டிக் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது.

"நாளைக்குப் பாப்பம் மகள்" என்றேன்.

அந்த வருடக் கடைசியில் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். அதுவரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

நகரசபைப் பெண் வந்து போன பின்னேரம் சங்கவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். நண்பிகளோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். கிழமைக்கு ஒருதரம் கதைப்போம். அவள் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் பின்னாலே போய்க் களைத்துவிடுவேன். ஆனால் கோபம் வந்தால் மட்டும் அவளுடைய தமிழ் சுத்தமாக நாவலடித் தமிழாகிவிடும்.

"கவுன்சில்ல இருந்து ஒரு பிள்ளை வந்து போனா மகள்."

"என்னத்துக்கு?"

"பட்டியோவ அடைக்கிறம்தானே."

"எனக்குச் சொல்லவே இல்ல. என்னத்தால அடைக்கிறீங்க?"

"கண்ணாடியால."

"கிறில்?"

"கிறில் இல்ல." பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஒரு யன்னலுக்கு மட்டும்."

"ஒரு யன்னலுக்கு மட்டும்" என்று அவளும் சொன்னாள். சிரிப்பதுபோல இருந்தது. "என்னத்துக்கம்மா அந்த அறை?"

நகரசபைப் பெண்ணிடம் சொன்னதையே சொன்னேன். வீடு உனக்கு, நாங்கள் பின்னுக்கு. வெள்ளிக்கிழமை கேட்க வருவார்கள், நீ வருகிறாயா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"நான் வீடு கேட்டனா?"

"கேட்டா குடுக்கிற? பிள்ளைக்குக் குடுக்கிறதுதானே."

"எனக்கு வேணாமெண்டா?"

"வேணாமெண்டு எந்தப் பிள்ளை சொல்லியிருக்கு?"

"நான் சொல்றன்." அவள் குரல் உயரவில்லை. "அம்மம்மாவும் அம்மப்பாவும் பின்னுக்குப் படுத்தாங்க. நீங்க உள்ளுக்குப் படுத்தீங்க. நான் பிறந்ததில இருந்து அந்தக் கதவத்தான் கேட்டுக்கொண்டு வளந்த. உடைச்சாரா, தண்ணியா, உடைச்சாரா, தண்ணியா எண்டு. இப்ப நீங்க அதே மாதிரி ஒண்டக் கட்டி அதுக்குள்ள போய்ப் படுக்கப் போறீங்க. நான் உள்ளுக்கு எப்பிடியம்மா நித்திரை கொள்ளுற?"

"அது எங்கட இடம் மகள். தாய் தகப்பன் இருக்கிற இடம். உனக்கு அதால ஒண்டும் வராது."

"உங்களுக்கு ஒண்டும் வரல்லயா?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வெள்ளிக்கிழமை சொல்லிவிடுங்க, மகள் வரமாட்டா எண்டு" என்றாள். வைத்துவிட்டாள்.

7

அந்தக் கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொன்னேன். என் கணவர் களஞ்சியசாலையில் பின்னேர வேலைக்குப் போகிறவர், மத்தியானம் வரைக்கும் வீட்டில் நிற்பார். நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய்ப் பட்டியோவின் நடுவில் போட்டு இருந்தேன். சுற்றிவர மரச்சட்டங்கள். கண்ணாடி இன்னும் வரவில்லை. மழை அடிக்காமல் ரிஸ்வி ஒரு பக்கத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு கட்டியிருந்தார். காற்றுக்கு அது உள்ளே வீங்கும், வெளியே வீங்கும். ஆட்கள் உள்ளே நின்று தள்ளுவதுபோல இருக்கும்.

இங்கே மார்கழி நல்ல வெயில். கடைகளில் மலிவு விற்பனை தொடங்கப் போகிறது என்று தபால்பெட்டி நிறையத் துண்டுப் பிரசுரங்கள். நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள்தான், கடல் வந்த அதே தேதியில், பெரிய மலிவு. விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். வந்த முதல் வருடம் அந்த வரிசையைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, ஏதோ நடந்துவிட்டது, சனம் ஓடுகிறது என்று நினைத்து நான் சங்கவியை இழுத்துக்கொண்டு அப்போதிருந்த மாடிக் குடியிருப்பின் படிகளில் மேலே ஏறிவிட்டேன். வகுப்பில் அவள் அதைப் பகிடியாகச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு விசாரித்தா. அதற்குப் பிறகு வீட்டில் நடக்கிற எதையும் சங்கவி வெளியே சொல்வதில்லை. வெளியே நடக்கிறதை வீட்டிலும் சொல்வதில்லை.

"ஒரு சொல்லில முடியிற விஷயம்" என்றார் இவர், தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு. "மகள் வரமாட்டா, சும்மா இருந்து கதைக்கிற அறைதான் எண்டு சொல்லு. பொய்யில்லையே. ரிஸ்வியும் வேலைய முடிச்சிட்டுப் போவான்."

"சொன்னா வரமாட்டாதானே."

"நீ சொல்லாட்டி வருவாளா?"

"நாங்க வரமாட்டாளெண்டு எழுத்தில குடுத்த பிறகு அவள் எந்த வீட்டுக்கு வாற?"

அவர் மறுபக்கம் திரும்பி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கேட்காமலே, "அவர்தான் உடைச்சிருப்பார்" என்றார்.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு விளங்குகிறது, சங்கவி சொன்னது சரி. அந்தக் கதிரையில் இருந்தபோது நான் மகளைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. சுவர் வந்தால் எந்த இடத்தில் கட்டில் போடுவது, கட்டிலிலிருந்து எழும்பினால் எந்தச் சுவர் கைக்குக் கிட்ட வரும், எதை எடுத்து எங்கே முதலில் அடிப்பது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இருந்த இடத்தில் நானும் ஒருதரம் இருந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் முழுக் கதை இல்லை. பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கண்ணை மூடக்கூடாது என்பதும் உண்மைதான். கொடுத்தவர்களின் மகள் நான். அவர்களுக்கு இருந்தது ஒரு வீடு, அதை எனக்குத் தந்தார்கள். என் மகள் வாங்கமாட்டேன் என்றால், அவர்கள் தந்ததும் என்னோடு நின்றுவிடும்.

8

வெள்ளிக்கிழமை ரிஸ்வி முதலில் வந்தார். வேலை இல்லாவிட்டாலும் நிற்கிறேன் என்று வந்தார். "டீச்சர், இண்டைக்கு அந்தப் புள்ளையிட்ட நான் கதைக்கிறன். நீங்க தேத்தண்ணி மட்டும் குடுங்க" என்றார். இவரும் வேலைக்கு லீவு போட்டிருந்தார். அது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நான் கதிரையில் இருந்தேன். வாசல் மணி அடித்தது. நகரசபைப் பெண் என்று நினைத்து எழும்பவில்லை. இவர் போய்த் திறந்தார். வீட்டுக்குள்ளால் சப்பாத்துச் சத்தம் வந்தது. சங்கவி தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். இரவு வேலை முடித்து நேரே ரயில் ஏறியிருக்கிறாள். கண் வீங்கியிருந்தது.

"சப்பாத்தோட உள்ளுக்கு வந்திருக்கிறாய்" என்றேன்.

"அப்பா சொன்னார், நீங்க வேலைக்கும் போகாம ஒரு கிழமையா இதுக்குள்ளதான் இருக்கிறீங்களாம்."

"வேல நடக்கிற இடத்த ஆரும் பாக்க வேணாமா?"

"வேலதான் நிப்பாட்டிக் கிடக்கே டீச்சர்" என்றார் ரிஸ்வி. சொன்ன பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்ற முகத்தோடு கூரையைப் பார்த்தார்.

சங்கவி பைகளை வைத்துவிட்டு உள்ளே இறங்கினாள். சட்டங்களைச் சுற்றிப் பார்த்தாள். கதவுக்கென்று விட்டுப் பிறகு அடைத்த இடத்தில் புதுப் பலகை வேறு நிறமாகத் தெரிந்தது. அதில் கையை வைத்தாள். தட்டவில்லை, சும்மா வைத்தாள். பிளாஸ்டிக் விரிப்பு காற்றுக்கு வீங்கியது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு கிழமையாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலும் என் முகத்தைப் பார்த்துத்தான் றோட்டில் என்ன வருகிறது என்று அறிந்துகொள்வாள்.

அந்த நேரம் நகரசபைப் பெண்ணும் வந்துவிட்டாள். இன்றைக்கும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம், "யோசித்தீர்களா?" என்று கேட்டாள்.

இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். மகள் வருவாள் என்று ஒன்று, வரமாட்டாள் என்று ஒன்று. இரண்டையும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்தால் "ஓம்" என்று மட்டும் வந்தது. ரிஸ்வி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

அதற்குள் சங்கவி ஆங்கிலத்தில் சொன்னாள். தான்தான் மகள். இந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். இங்கே கிட்டவுள்ள மருத்துவமனைக்கு மாற்றம் கேட்டிருக்கிறாள். இரண்டு குடும்பம் இல்லை, ஒரு குடும்பம்தான். அடுப்பு வேண்டாம்.

இவர் சுவரோடு சாய்ந்துகொண்டார். பிள்ளை வந்துவிட்டாள், வீட்டை வாங்கிக்கொண்டாள், இனிக் கட்டிலை எடுத்து இங்கே போடலாம் என்று, அவள் பேசி முடிப்பதற்கு முன்பே மனம் ஓடிவிட்டது.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். "நல்லது. அப்படியென்றால் இந்த அறையில் பெற்றோர் படுப்பார்கள், இல்லையா?"

சங்கவி என் பக்கம் திரும்பினாள். அங்கே வேறு யாருமே இல்லை என்பதுபோல, தமிழில் சொன்னாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்குப் படுங்க. இதுக்குள்ள நான்தான் படுக்கப் போறன். இப்ப சொல்லுங்க ரிஸ்வி மாமாக்கு, கதவ எங்க வைக்கிறதெண்டு."